ட்ரெவர் மாமாவின் கிரீஸ் டப்பா

ஹேகெட் பண்ணை கேரவன் தளம்,
வேலியோர வரிசை, கடைசி இடம்.
அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ட்ரெவர் மாமாவுக்கு,

எங்கள் காரின் பின்னால் கேரவனை மாட்டும் இழுவை உருண்டையில் கிரீஸ் தடவியது நீங்கள்தான்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி முறைப்படி நலம் விசாரிக்கிறேன். நீங்களும் கிளெனிஸ் அத்தையும் சௌக்கியம்தானே? அத்தையின் முழங்கால் தேவலையா? மஃபின் இப்போதும் தபால்காரர் காலைக் கண்டால்தான் குரைக்கிறதா, இல்லை வயதானதில் அதையும் விட்டுவிட்டதா? தோட்டத்து ஆப்பிள் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளை டாரலும் நலம். கேரவனும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்ததை எழுதாமல் விட்டால் நீங்கள் அடுத்த வருடம் இன்னொருவர் வண்டிக்கும் இதே உபகாரத்தைச் செய்வீர்கள். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் உங்கள் கேரவன் கிளப் கூடலுக்கு எங்களை அழைத்தீர்கள். நல்ல மனதோடுதான் அழைத்தீர்கள், அதை மறுக்கவில்லை. "உன் வீட்டையும் இழுத்துக்கிட்டு வாயேன் ஷானன், ஒரு வாரக்கடைசி எங்களோட இருந்துட்டுப் போ" என்று போனில் சொன்னீர்கள். வீடு என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த நொடியே "அதான், உன் கேரவன்" என்று திருத்திக்கொண்டீர்கள். சரி என்று வந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மேட்டு வயலின் வாசலில் டாரல் காரைத் திருப்பினான். அப்போது காரையும் கேரவனையும் பிணைக்கும் எங்கள் ஹிட்ச் ஒரு சத்தம் போட்டது, ஞாபகம் இருக்கிறதா? துருப்பிடித்த இரும்புக் கதவும் வயிற்றுவலி வந்த கழுதையும் சேர்ந்து பாடியது போல. வரிசை பிசகாமல் நிறுத்தியிருந்த வெள்ளைக் கேரவன்களின் வாசலில், மடக்கு நாற்காலிகளில், டீக் குவளையோடு உட்கார்ந்திருந்த உங்கள் கிளப்பார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். உங்கள் பக்கத்து இடத்து பெர்னார்ட், "என்ன ட்ரெவர், யாரோ பன்னிய உயிரோட வறுக்கிறாங்க போல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "தங்கச்சி பொண்ணு. வேலை விஷயமா அதுல தங்கியிருக்காங்க. தற்காலிகமா" என்றீர்கள்.

மாமா, நாங்கள் இதில் தங்க ஆரம்பித்து மூன்றாவது குளிர்காலம் வரப்போகிறது. தற்காலிகம் என்பது உங்கள் ஊரில் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அது ஒரு வாடகை ஒப்பந்தத்தை விட நீளம்.

இறங்கி அத்தையைக் கட்டிக்கொண்டு, கையில் பழக் கேக்கும் டீயும் வாங்கி, இரண்டு வாய் வைப்பதற்குள் நீங்கள் என்னை உங்கள் வண்டியின் பின்பக்கம் அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கண்ணு, அந்தச் சத்தத்துக்கு ஏதாவது பண்ணேன். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் மாமா. உள்ள இருக்கற பேடு உருண்டையக் கவ்வுற சத்தம் அது. அழுக்குப் படிஞ்சிருக்கு, தொடச்சாப் போயிடும். நேத்து ரெட்டை ஷிப்ட், தொடைக்க நேரமில்ல."

"எங்க காலத்துல துளியூண்டு கிரீஸ் வெப்போம். வெண்ணெய் மாதிரி போகும்."

சொல்லிவிட்டு உங்கள் கேரவனின் முன்பெட்டியைத் திறந்து அந்தப் பச்சை டப்பாவைத் தட்டிக் காட்டினீர்கள். மூடி நசுங்கி, ஓரமெல்லாம் கருத்து, நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே கிழடாக இருந்த டப்பா. ஆக, உங்களுக்குக் காரணமும் இருந்தது, கையில் கருவியும் இருந்தது. நீதிமன்றத்தில் இதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பாத்திரம் கழுவும் வரிசையில் நின்றுவிட்டு வந்தபோது, எங்கள் கார் உருண்டையின் மேல் பாதி கீறிய ஒரு பழைய டென்னிஸ் பந்து தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. கிரீஸ் தடவிய உருண்டைக்கு டென்னிஸ் பந்து போடுவது உங்கள் தலைமுறைக்காரர்கள் பழக்கம். கால்சட்டையில் கறை படக் கூடாது அல்லவா! அதுவரை அந்த வயலில் அந்தப் பந்து மாட்டாத கார் எங்களுடையது ஒன்றுதான். சரி, மாமா எங்களையும் கிளப்பில் சேர்த்துக்கொண்டார் என்று நினைத்து, பந்துக்கு அடியில் என்ன என்று பார்க்காமல், உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் நெகிழ்ந்தும் போனேன். வண்டியை மாட்டுவது டாரல் வேலை, கேரவனைத் தரையில் ஊன்றி நிறுத்தும் நான்கு மூலைக் கால்களைச் சுழற்றி ஏற்றுவது என் வேலை. நான் நான்காவது காலை ஏற்றி நிமிர்வதற்குள் அவன் மாட்டி முடித்து, கைப்பிடியை அழுத்தி, பந்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தான். கிளம்பினோம். வாசலில் கார் திரும்பியது. ஒரு முனகல்கூட இல்லை. பெர்னார்ட் குவளையை உயர்த்தினார். நீங்கள் கட்டைவிரலை உயர்த்தினீர்கள். அந்தக் கட்டைவிரல்தான் மாமா, உங்கள் வாக்குமூலம்.

யார்க் பக்கத்துப் பெரிய சாலையில் இறக்கத்தில் ஒரு நீள லாரி எங்களைத் தாண்டியது. எங்கள் கேரவன் பின்னால் லேசாக இடுப்பை ஆட்டியது. பிறகு லேசாக இல்லாமல் ஆட்டியது. காரின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையால் பிடித்து இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் இழுப்பது போல.

"டாரல், பின்னாடி ஆடுது."

"தெரியுது."

"பிரேக் போடாத."

"போடல."

"காலை எடு."

"எடுத்துட்டேன் ஷானன். நீ மொதல்ல என் தொடைய விடு."

அவன் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும் வரை, சலூனில் முடிவெட்ட உட்கார்ந்தவன் மாதிரி அசையாமல் இருந்தான். ஆட்டம் மெல்ல அடங்கியது. சாலையோரத்தில் பர்கர் வண்டி நிற்கும் ஒதுக்கிடம் ஒன்று வந்தது. அங்கே ஒதுக்கி நிறுத்தினோம். நான் கேரவன் கதவைத் திறந்தேன். அலமாரி மூன்றும் திறந்து கிடந்தன. நீங்கள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பூப்போட்ட தட்டுகளில் மிச்சம் ஒன்று. பீன்ஸ் டின் ஒன்று மூடி பிதுங்கிப் படுக்கையில் சாய்ந்து கிடந்தது. கழிப்பறைப் பெட்டியின் மருந்து கலந்த நீலத் தண்ணீர் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து தரைவிரிப்பில் நிதானமாக இடம் பிடித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு அது விடுமுறை வண்டி உடைந்த மாதிரி. எனக்கு அது படுக்கையறை, சமையலறை, என் சீருடை தொங்கும் அலமாரி. வீட்டை யாரோ தூக்கிக் குலுக்கிவிட்டுத் திரும்ப வைத்தது போல இருந்தது. பர்கர் வண்டிக்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ தாயி, பேக்கன் சாண்ட்விச் ஒண்ணு தரட்டா?" என்றாள். கேட்காமலே தக்காளிச் சாஸும் போட்டுக் கொடுத்தாள். அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே அரசு உதவி அதுதான். அவள் அரசாங்கம் இல்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம்தான் ஹிட்ச்சைக் கழற்றிப் பார்த்தேன். உருண்டை முழுக்கக் கறுப்பாக, தடிமனாக, பளபளவென்று கிரீஸ்.

மாமா, இதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். உங்கள் பழைய வண்டியில் இருந்தது சாதாரண ஹிட்ச். இரும்பு வாய், இரும்பு உருண்டை. ஒன்றோடொன்று தேயாமல் இருக்க நடுவே கிரீஸ், அது சரி. எங்களுடையது ஆட்டத்தைத் தடுக்கும் ஹிட்ச். அதன் வாய்க்குள் பிரேக் பேடு மாதிரி நான்கு பேடு இருக்கிறது. முன்னும் பின்னும் ஒவ்வொன்று, இருபுறமும் ஒவ்வொன்று. கைப்பிடியை அழுத்தினால் அவை உருண்டையை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடியில்தான் கேரவன் ஆடாமல் வருகிறது. அதில் கிரீஸ் தடவுவது, காரின் பிரேக்கில் கிரீஸ் தடவுவதற்குச் சமம். வெண்ணெய் மாதிரி போகும் என்று சொன்னீர்கள். போனது. எங்கே போவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

சத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கிளப் தகவல் பலகையில் வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளுங்கள். உருண்டையைப் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், துணியில் கறுப்பு வராத வரைக்கும். மண்ணெண்ணெய் கூடாது, அதுவும் எண்ணெய்தான். புது உருண்டை என்றால் மேலே பெயின்ட் இருக்கும், அதை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிய எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயின்ட் உரிந்து பேடில் அப்பிக்கொள்ளும். பேடு கண்ணாடி மாதிரி மினுங்கினால் அதையும் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். இடுக்கான இடத்தில் பின்னால் எடுக்கும்போது கைப்பிடியைத் தூக்கிவிட வேண்டும், அழுத்தியபடியே திருப்பினால் பேடு அநியாயத்துக்குத் தேயும். நிறுத்திய பிறகு மழைக்கு மூடி போட வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பைக் கழுவிவிட வேண்டும். கைப்பிடியின் ஓரத்தில் தேய்மானக் குறி இருக்கிறது, மாட்டும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் பேடு பல வருடம் உழைக்கும். ஆனால் ஒரு தடவை கிரீஸ் குடித்த பேடை எந்தத் துணியாலும் காப்பாற்ற முடியாது. அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அன்று மெதுவாக, நத்தை மாதிரி, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடிக்க, தளத்துக்கு வந்து சேர்ந்தோம். நான்கையும் கழற்றி எறிந்தேன். புது நான்கை வரவழைத்து, போன சனிக்கிழமை மாட்டினோம். டாரல்தான் குனிந்து மாட்டினான். நான் பக்கத்தில் நின்று உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். "விடு ஷானன், வேணும்னா செஞ்சாங்க?" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான், யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் பேசியது இன்னும் என் காதில் நிற்கிறது.

"கிரீஸா? நான் தடவலம்மா."

"அப்ப யாரு மாமா, பெர்னார்டா?"

"நான் தடவல. ஆனா தடவியிருந்தாலும் ஒண்ணும் தப்பில்ல."

"டென்னிஸ் பந்து?"

"பந்து போட்டது நான்தான். காலைல பாத்தேன், உருண்டைல கிரீஸ் இருந்துது. பரவால்லயே, பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வந்துடுச்சேன்னு நெனச்சு, கறைபடாம இருக்கட்டும்னு ஒரு பந்து போட்டேன். அது இருக்கட்டும், என் கிரீஸ் டப்பாவ நீ எங்கயாவது பாத்தியா? கூடல்லேருந்து வந்ததுலேருந்து காணோம். உங்க அத்தைதான் தூக்கிப் போட்டிருப்பான்னு சந்தேகம்."

ஒரு மனிதன் செய்த தப்பை மறைக்க இதை விட நல்ல பொய் சொல்லலாம் மாமா. கிரீஸ் எனக்குத் தெரியாது, தொப்பி மட்டும் நான் வைத்தேன்! டப்பாவையே காணோம்! திருடன் கையில் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டு பூட்டைக் காணோம் என்பது போல இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன். வைத்தது மரியாதைக் குறைவு, அதற்கு வருத்தம்.

ஆனால் எனக்குக் கோபம் கிரீஸ் மேல் மட்டும் இல்லை. உங்களுக்கு எதிலும் சத்தம் வரக் கூடாது. அதுதான் உங்கள் குணம். எங்கே கொஞ்சம் முனகல் கேட்டாலும் அங்கே ஒரு தடவல். வசந்தத்தில், விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நீங்கள் வாடகைக்கு விடும் ஸ்டெய்ன்விக் கடற்கரை வீட்டைப் பற்றி முதல் தடவை கேட்டேன். "வர்ற குளிர்காலம் மட்டும் நாங்க அங்க இருந்துக்கட்டுமா மாமா, ஈஸ்டருக்குள்ள காலி பண்ணிடறோம்" என்றேன். "பாக்கலாம் கண்ணு" என்றீர்கள். ஆகஸ்டில் கேட்டேன். "அத்தைய ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்." அத்தையிடம் கேட்டால், "எங்கிட்ட அவர் எதுவுமே கேக்கலையே தாயி" என்றார். கூடலிலும் கேட்க வாயெடுத்தேன், நீங்கள் உடனே இன்னொரு துண்டு கேக் வைத்தீர்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், வேறு வழி தேடப் போயிருப்பேன். இல்லை என்றும் சொல்ல மாட்டீர்கள், ஆமாம் என்றும் சொல்ல மாட்டீர்கள். வெண்ணெய் மாதிரி.

இந்தத் தளம் மாதக் கடைசியோடு மூடுகிறது. தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவார்கள். தள மேலாளர் கீத் கெட்டவர் இல்லை, கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டேதான் சொன்னார். வருடம் முழுக்கத் திறந்திருக்கும் தளம் ஒன்று மேற்கே இருக்கிறது, அங்கே போய்க் கேட்டோம். வரவேற்பில் இருந்த பெண், நகத்துக்குச் சிவப்பு பூசி உலர்த்திக்கொண்டே, "இது விடுமுறைக்கு மட்டும்தாங்க. உங்களுக்கு வேற நிரந்தர வீடு இருக்குன்னு ஏதாவது காட்டணும், கரண்டு பில்லு மாதிரி" என்றாள். யோசித்துப் பாருங்கள் மாமா. கேரவனில் இருக்க வேண்டுமென்றால் வீடு இருக்க வேண்டும். வீடு இருக்கிறவனுக்குத்தான் வீடில்லாமல் இருக்க அனுமதி. டாரல் ரொம்பப் பணிவாக, "வீடு இருந்தா நாங்க எதுக்குங்க இங்க வர்றோம்?" என்று கேட்டான். "விடுமுறைக்கு" என்றாள் அவள். அம்மாவிடம் போகலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்கள் தங்கை டான்காஸ்டரில் ஒற்றை அறையில், சோபாவையே படுக்கையாக விரித்துத் தூங்குகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. நான் வேலை பார்க்கும் ஏஜென்சி இந்த மாதம் முதல் என்னை ஸ்டெய்ன்விக் பக்கம் அனுப்புகிறது. வயதானவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, வாணலியில் முட்டை ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது. உங்கள் கடற்கரை வீட்டுக்கு நேர் எதிரே திருமதி ஹோல்ராய்ட் இருக்கிறாரே, அவரும் என் கணக்கில்தான். தினமும் அவருடைய ஜன்னல் திரையை நான்தான் விலக்குகிறேன். விலக்கினால் தெரிவது உங்கள் வீடு. அடைத்த கதவு. வாசலில் கடல்நீல எழுத்தில் "நாய்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்ற பலகை. உள்ளே நாய்களுக்கென்று ஒரு கூடையில் பிஸ்கட்டும் துண்டும் வைத்திருப்பதாக உங்கள் விளம்பரத்தில் படித்தேன். குழாய் உறையாமல் இருக்க ஹீட்டர் மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது. இருட்டியதும் முன்னறை விளக்கு தானாக எரிகிறது.

"ஏம்மா, அந்த வீட்ல வெளக்கு எரியுது, ஆளு ஒருத்தரும் காணோமே. பேய் கீய் இருக்கா?" என்றார் திருமதி ஹோல்ராய்ட்.

"இல்லம்மா, டைமர். திருடன் வராம இருக்க. வீட்ல ஆள் இருக்கற மாதிரி தெரியணும்ல."

"ஆள வெச்சாலும் அப்படித்தான தெரியும்?" என்றார் அவர். அவர் மூளையைத்தான் ஏஜென்சி தன் தாளில் 'சற்றே குழப்பம்' என்று எழுதி வைத்திருக்கிறது.

நாங்கள் நாயாகப் பிறக்கவில்லை மாமா, அது எங்கள் தவறுதான். விளக்காகவும் பிறக்கவில்லை. எனக்குப் பிஸ்கட் கூடை வேண்டாம். ஓடுகிற அந்த ஹீட்டரின் முன்னால் என் ஈரக் காலணியை வைக்க ஓர் இடம் வேண்டும், அங்கிருந்து தெருவைக் கடந்தால் என் வேலை. மார்ச் வந்ததும் கேரவனை மாட்டிக்கொண்டு போய்விடுவோம். உருண்டை சுத்தமாக இருக்கும், பேடு சுத்தமாக இருக்கும். சத்தம் கொஞ்சம் வந்தால் வரட்டும்.

கடிதம் நீண்டுவிட்டது. கோபத்தில் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கிரீஸ் விஷயத்தைத் தவிர. அதில் நான் ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். அத்தை முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைக்கட்டும், மாடிப்படி ஏற வேண்டாம். மஃபினுக்கு ஒரு தடவல், கிரீஸ் இல்லாத கையால். மழை வலுக்கும் முன் கூரைச் சாக்கடையைச் சுத்தம் செய்துவிடுங்கள், ஏணியில் நீங்களே ஏறாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் இருவருக்கும் இந்தக் குளிர் இதமாகப் போகட்டும்.

என்றும் உங்கள் மருமகள்,
ஷானன்

பி.கு.: மாமா, மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டலாம் என்று ஒட்டுநாடாவைத் தேடினேன். இருக்கைக்கு அடியில் டாரலின் வேலைக் காலணிப் பையைக் கவிழ்த்தேன். முதலில் ஒரு டென்னிஸ் பந்து உருண்டு வந்தது. பின்னாலேயே உங்கள் பச்சை டப்பா.

டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். காய்கறிக் கிடங்கு வேலை முடிந்து வந்து, கேரட் மண் படிந்த கையோடு உட்கார்ந்திருந்தான்.

"திருப்பிக் குடுத்துடலாம்னுதான் வெச்சிருந்தேன்" என்றான்.

"நீயா?"

"நானேதான்."

"டாரல், நான் இத்தனை நாளா மாமாவத் திட்டிக்கிட்டிருக்கேன்!"

"பாத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ அவ்ளோ நல்லாத் திட்டிக்கிட்டிருந்த."

"பேடு இருக்கற ஹிட்ச்சுல கிரீஸ் போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். மெல்லிசா வெச்சாப் பரவால்லன்னு நெனச்சேன். சனிக்கிழமை ராத்திரி இருட்டுல மெல்லிசாப் போகல."

ஏன் என்று கேட்டேன். டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். பெர்னார்ட் பன்னி என்று சொன்னபோது நான் சிரித்தேனாம். சிரித்துவிட்டு, கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் போய், யாரும் இல்லாத இடத்தில், வெகுநேரம் நின்றேனாம். அவன் பார்த்திருக்கிறான். "ஞாயித்துக்கிழமையாவது சத்தமில்லாம, கௌரவமாப் போனா, உங்க மாமாவுக்கு மனசு எறங்கும். அந்த வீட்டுச் சாவிய மறுபடி கேக்கலாம்னு பாத்தேன்" என்றான்.

ஆக, நீங்கள் கிரீஸ் தடவவில்லை. பந்து மட்டும்தான் போட்டீர்கள். போனில் சொன்ன அத்தனையும் உண்மை. பொய் என்று எழுதியதற்கும், திருடன் என்று எழுதியதற்கும், போனை வைத்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். புதிதாக வேறு கடிதம் எழுத இங்கே தாள் இல்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். மேலே கிரீஸ் என்று வரும் இடத்தையெல்லாம் நீங்களே பேனாவால் அடித்துவிட்டுப் படியுங்கள். அடித்த பிறகும் ஸ்டெய்ன்விக் வீடு அப்படியேதான் இருக்கும், அதை நான் அடிக்கவில்லை. சத்தமில்லாமல் ஒரு தடவை போய்ப் பார்த்தோம். நீங்கள் கட்டைவிரல் காட்டினீர்கள், சாவி வரவில்லை. பெரிய சாலையில் இரண்டு பேர் உயிரோடு ஒதுங்கியது டாரல் பிரேக்கில் கால் வைக்காத புண்ணியம். இனி சத்தத்தோடுதான் கேட்பேன்.

டப்பாவைத் துடைத்து இத்துடன் அனுப்புகிறேன், அத்தையைச் சந்தேகப்படாதீர்கள். புது பேடு வந்த தடித்த உறை ஒன்று இருந்தது, ஒரு சாவிக்கு அளவாக இருக்கும். அதில் எங்கள் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த முகவரி மாதக் கடைசி வரைக்கும்தான் செல்லும்.

சாவியை என்றைக்கு அனுப்புகிறீர்கள் மாமா?